காம்பில் இல்லாத பெயர்

நான்காக மடித்த காகிதத்தை வாயில் கவ்விக்கொண்டு, ஓமோரி எய்கிச்சி வாளை உறையிலிருந்து உருவிக்கொண்டிருக்கிறார். மாதத்தின் முதல் ஞாயிறு, காலை பத்து மணி. ஆற்றிலிருந்து ஏறிய மூடுபனி இன்னும் தெருவை விட்டுப் போகவில்லை. கூர்ப்பக்கம் மேலே பார்த்திருக்க வேண்டும். உறையின் மரத்தில் எங்கும் உரசாமல் ஒரே இழுப்பில் வர வேண்டும். வருகிறது. பழைய எண்ணெயை மென்தாளால் வழித்தெடுக்கிறார். பட்டுத்துணியில் முடிந்த கல்தூள் பொட்டலத்தால், குழந்தைக்குப் பவுடர் போடுவது போல, நீளவாக்கில் தட்டிக்கொண்டே போகிறார். துடைக்கிறார். புது எண்ணெய் பூசுகிறார். பேச்சில் தெறிக்கும் ஒரு துளி எச்சில் போதும், ஒரே வாரத்தில் இரும்பில் புள்ளி விழுந்துவிடும். காகிதம் அதற்காக. மற்ற நேரங்களில் ஓமோரியின் வாயை மூட ஒரு காகிதக் கட்டே போதாது.

அவர் மனைவி சுமியே இந்த ஒரு மணி நேரத்தை நாற்பத்தெட்டு வருடமாக நல்ல விதமாகப் பயன்படுத்தி வருகிறார். துணி துவைக்கும் இயந்திரம் வாங்கியது, மகளை ஒசாகாவில் கல்யாணம் பண்ணிக்கொடுத்தது, பின்கட்டுக் கூரையை மாற்றியது எல்லாமே வாள் வெளியே இருக்கும்போது அறிவிக்கப்பட்டு, மறுப்பு வராததால் நிறைவேறியவை.

“என்னங்க, அகாகி-சான் போன் பண்ணினாரு. மாசக் கடைசில ஹிரோஷிமாவுக்கே போயிடறாராம், மக வீட்டுக்கு. மூணாவது ஞாயித்துக்கெழமை வாள் கூட்டம்தான் அவருக்குக் கடைசியாம்.”

ஓமோரி தலையை ஆட்டினார்.

“உங்களோட அந்தத் தடாயசு வாள் இருக்கில்ல, அதைக் கொண்டுவரச் சொன்னாரு. கண்டிப்பாக் கொண்டுவருவாருன்னு சொல்லிட்டேன்.”

காகிதத்துக்குப் பின்னாலிருந்து எருமை கனைத்தது போல ஒரு சத்தம் வந்தது.

“சரின்னுதானே சொல்றீங்க? சரின்னுதான் காதுல விழுது.”

வாளை உறைக்குள் அனுப்பிவிட்டுக் காகிதத்தை அவர் துப்புவதற்குள், சுமியே ஈரத்துணிக் கூடையோடு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

எழுபத்தேழு வயதாகும் ஓமோரி, தகஹாஷி ஊரின் பாதி வாய்களுக்குச் சொந்தக்காரர். பல் செட் செய்வது அவர் தொழில். மலைமேல் கோட்டையும் கீழே ஆறுமாக இருக்கும் இந்தச் சின்ன ஊரில் மூன்று பல் வைத்தியர்கள். மூவருக்கும் அவர்தான் செய்து கொடுப்பார். தெருவில் எதிர்ப்படுகிறவர்களின் முகத்தைவிட மேல்வரிசையை அவர் நன்றாக ஞாபகம் வைத்திருப்பார். வீடு முழுக்கக் கிராம்பு எண்ணெய் வாசனை. பல் வேலைக்கும் அதே எண்ணெய், வாளுக்கும் அதே எண்ணெய் என்பதால், அந்த வாசனை எந்தத் தொழிலுடையது என்று தபால்காரரால் இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை.

நான்கு வாள்களும் இருபத்திமூன்று சுபாக்களும் அவருக்கு உண்டு. சுபா என்பது வாளின் பிடிக்கும் அலகுக்கும் நடுவே கை வழுக்காமல் காக்கும் இரும்பு வட்டு. அதில் ஒன்று, காட்டு வாத்துகள் வரிசையாகப் பறப்பது போல் குடைந்தது, எப்போதும் அவர் கால்சட்டைப் பையில் இருக்கும். பழைய இரும்புக்கு மருந்து மனிதக் கைதான் என்பது அவர் கட்சி. சுமோ மல்யுத்தம் பார்க்கும்போது பருத்தித் துணியால் அதைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். பிடித்த மல்லன் தோற்கும் நாளில் வாத்துகள் கூடுதலாகப் பளபளக்கும். ஒருமுறை கால்சட்டையோடு அது துவைக்கும் இயந்திரத்துக்குள் போய்விட்டது. உள்ளே பீரங்கி வெடிக்கிறதென்று பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்தார். வாத்துகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இயந்திரம் மாற்றப்பட்டது, அதற்கான அறிவிப்பும் வழக்கம்போல முதல் ஞாயிறன்றே வந்தது.

இத்தனை வாள் உள்ள வீட்டில் சமையலறைக் கத்தி மட்டும் மொட்டை. முள்ளங்கி அறுபடாது, பிளக்கும். “கூர் பிடிக்கறதுக்குன்னு பரம்பரையா ஆளுங்க இருக்காங்க. நாம கல்லைத் தொடக்கூடாது” என்பார் ஓமோரி. வாளுக்குச் சொன்ன விதியைக் கத்திக்கும் அமல்படுத்திவிட்டார். மீன் அறுக்கும்போது அந்தப் பக்கம் வரமாட்டார், ரத்தம் ஆகாது. “எங்க வீட்டு வீரர் கானாங்கெளுத்தியைக் கண்டா மயக்கம் போட்டுடுவாரு” என்று சுமியே மீன்கடையில் சொல்லியிருக்கிறார்.

சுமியே சொன்ன தடாயசுவை ஓமோரி வாங்கியபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது. சாராய வடிப்பாலை நடத்திய ஒரு குடும்பம் பழைய சாமான்களை விற்றபோது, தன் மோட்டார் சைக்கிளையும் ஒரு வருட போனஸையும் கொடுத்து வாங்கினார். வாள் செய்தவன் தன் பெயரைப் பிடிக்குள் மறைந்திருக்கும் காம்பில் வெட்டுவான். அலகு மின்னும், காம்பு காலத்தின் கறுப்புத் துருவோடு இருக்கும், அதை யாரும் துடைக்கமாட்டார்கள். இந்தக் காம்பில் இரண்டு எழுத்து இருந்தது: ஹிசமுனே. அறுநூறு வருடத்துக்கு முந்தைய பெரிய கை. பெயரைச் சொன்னாலே இந்த வட்டாரத்தில் ஆட்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

நேராக அகாகியின் கடைக்குக் கொண்டுபோனார். அகாகி ரியோசாகு பழம்பொருள் வியாபாரி, ஓமோரியைவிட ஒன்பது வயது மூத்தவர். அவர் கண்ணுக்கு மேல் அப்பீல் இல்லை என்று மாவட்டமே ஒத்துக்கொண்டிருந்த காலம். அலகை அரைமணி நேரம் பார்த்தார். பிறகு காம்பைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

“வாள் நல்ல வாள். பேரு பொய்” என்றார். “இந்த ரெண்டாவது எழுத்துல கடைசிக் கோட்டைப் பாரு. உளி எதிர்ப்பக்கத்துலேர்ந்து வந்திருக்கு. ஹிசமுனே செத்தாலும் உளியை இப்படித் திருப்பமாட்டான். எவனோ காசுக்கு வெட்டினது. இந்தப் பொய்யோட வச்சிருந்தா வாளுக்கே கேவலம் எய்கிச்சி. எடுத்துடு.”

வேறெந்த உலகத்திலும் பெயரை அழித்துப் பொருளின் மானத்தைக் காப்பாற்றுவது வழக்கமில்லை. இவர்களிடம் உண்டு. பொய்ப் பெயர் உள்ள வாளுக்கு, வாள்களைச் சோதித்துச் செய்தவனைச் சொல்லும் சங்கத்தின் சான்றுத்தாள் கிடைக்காது. பெயரே இல்லாததற்குக் கிடைக்கும்.

ஒரு நவம்பரில் இருவரும் ரயிலேறி ஒகயாமா நகரத்துக்குப் போனார்கள். அறுநூறு வருடம் இருந்த இரண்டு எழுத்து போக, அதற்கென்றிருந்த கைவினைஞருக்கு ஒரு மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை. அந்த நாளைப் பற்றி ஓமோரியிடம் ஒரு விசித்திரம் உண்டு. அவர் செய்த மாபெரும் தவறு அன்றுதான் நடந்தது. வாழ்க்கையில் மிகச் சந்தோஷமாக இருந்த நாளும் அதுதான். திரும்பும் ரயிலில் அகாகி வாங்கித் தந்த மீன் சுஷிப் பெட்டி, ஜன்னலுக்கு வெளியே இலை உதிர்ந்த மரங்களில் விளக்குப் போலத் தொங்கிய சீமைப் பனிச்சைப் பழங்கள், இரண்டு குவளை சாராயத்துக்குப் பிறகு அகாகி சுருதி சேராமல் பாடியது, முழங்காலுக்குக் குறுக்கே பொய் நீங்கிய வாள். இன்றைக்கும் அந்தத் தண்டவாளத்தில் ரயில் போகும் சத்தம் கேட்டால் அவருக்கு முதலில் புன்னகைதான் வருகிறது. மற்றது அரை நொடி கழித்து வருகிறது.

சான்றுத்தாள் வந்தது. ஹிசமுனேவின் சீடர்களில் ஒருவனான தடாயசு செய்தது என்று இருந்தது. வெள்ளை மர உறையின் மேல் அகாகியே தூரிகை எடுத்து அந்தப் பெயரை எழுதிக் கொடுத்தார். அழகான எழுத்து.

ஓமோரி ஒன்றே ஒன்று செய்து வைத்திருந்தார். பல் அச்செடுத்துப் பழகிய கை. அழிக்குமுன் காம்பின் மேல் மெல்லிய தாளை விரித்து, மைக்கட்டியால் தேய்த்து, ஒரு மசிப்படி எடுத்துக்கொண்டார். பொய்யேயானாலும் ஞாபகத்துக்கு இருக்கட்டுமே என்றுதான்.

பதினான்கு வருடம் கழித்துச் சங்கத்தின் மாத இதழ் வந்தது. நடுப்பக்கத்தில், ஒரு கோவிலின் பெட்டியிலிருந்து வெளிவந்த ஹிசமுனே வாளின் மசிப்படி; கூடவே, சந்தேகத்துக்கு இடமில்லாத நன்கொடைப் பத்திரம். இரண்டாவது எழுத்தின் கடைசிக் கோடு எதிர்ப்பக்கத்திலிருந்து வெட்டப்பட்டிருந்தது. எழுபது வயதுக்கு மேல் அந்த மனிதன் உளியைத் திருப்பிப் பிடித்திருக்கிறான் என்று கட்டுரை சொன்னது. ஓமோரி தன் மசிப்படியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். இரட்டைப் பிள்ளைகளை ஒரே பாயில் படுக்கவைத்த மாதிரி இருந்தது.

முதலில் அவருக்கு வந்தது துக்கம் என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில் அவர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு அகாகியின் கடைக்கு ஓடினார். அகாகிக்கும் அதே இதழ் வரும். மாவட்டமே நம்பிய அந்தக் கண், தன் வாயால் ஒரு ஹிசமுனேவை அழித்ததென்று தெரிந்தால் அந்த மனிதர் அதோடு கடையைச் சாத்திவிடுவார். மேசை மேல் இதழ் உறை பிரிக்காமல் கிடந்தது. அகாகி உள்ளே தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். “எனக்கு வந்தது நனைஞ்சு போச்சு அகாகி-சான், இதைப் படிச்சுட்டுத் தர்றேன்” என்று குரல் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இருபத்தைந்து வருடமாகிறது, இன்னும் திருப்பித் தரவில்லை. அன்றிலிருந்து அந்த வாளைக் கூட்டத்துக்குக் கொண்டுபோனதும் இல்லை. காம்பை மறைத்து வைத்தாலும் அலகே பெயர் சொல்லிவிடும், அகாகிக்கு மட்டும் கேட்கும் என்ற பயம். மசிப்படியும் இரண்டு இதழ்களும் மேசையின் அடி இழுப்பறையில், அகாகியுடைய மேல்தாடையின் பிளாஸ்டர் அச்சுக்குக் கீழே இருக்கின்றன.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, மேல்வரிசை ஈறில் உறுத்துகிறதென்று அகாகி வந்தார். ஓமோரி செட்டைக் கையில் வாங்கி, விளக்கில் பார்த்து, சின்ன அரத்தால் ராவத் தொடங்கினார். எதிராளியின் பற்கள் தன் கையில் இருக்கும்போது பேசுவது சுலபம்.

“அந்தத் தடாயசுல துருப்புள்ளி ஒண்ணு பார்த்தேன். தீட்டறவர்கிட்ட அனுப்பணும். இந்த மாசம் வேற வாள் கொண்டுவரட்டுமா?”

பல் இல்லாத அகாகி கையை நீட்டினார். செட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, இரண்டு முறை கடித்துப் பார்த்து, அதன் பிறகுதான் பேசினார்.

“துருவா? உன் வீட்டுலயா? உன் பொண்டாட்டி மேல துரு பிடிச்சாலும் பிடிக்கும், உன் வாள்ல பிடிக்காது. யாருகிட்ட விடறே?”

“வயசாச்சு. கை நடுங்குது.”

“என் பல்லை ராவறப்ப நடுங்கலையே.” செருப்பைத் தேடிக்கொண்டே திரும்பினார். “அப்புறம், அந்தப் புஸ்தகம். இருபத்தஞ்சு வருஷமாச்சு. படிச்சு முடிச்சுட்டியா இல்லையா?”

“இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு.”

“மெதுவாப் படி” என்றார் அகாகி. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் கேட்கிற கேள்வி, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் கிடைக்கிற பதில்.

மூன்றாவது ஞாயிறு. சோபா நூடுல்ஸ் கடையின் மாடி அறை. கீழேயிருந்து மீன்சாறு கொதிக்கும் வாசனை. ஒன்பது உறுப்பினர்கள். உறைகளைப் பக்கத்து அறையில் ஒளித்துவிட்டு, காம்புகளைத் துணிப்பையால் கட்டி மறைத்து, மூன்று வாள்களைச் சிவப்பு விரிப்பின் மேல் வரிசையாக வைத்தாயிற்று. மூன்றாவது, வேறு வழியில்லாமல் ஓமோரி கொண்டுவந்த தடாயசு. ஒவ்வொருவராக வாளுக்கு வணங்கி, எடுத்து, விளக்கில் பார்த்து, மறுபடி வணங்கி வைத்துவிட்டு, செய்தவன் யாரென்று துண்டுச்சீட்டில் எழுதித் தர வேண்டும். வாள் கொண்டுவந்தவர்தான் நடுவர். சான்றுத்தாளில் உள்ள பெயரை எழுதியிருந்தால் சிவப்புப் பென்சிலால் வட்டம். குருவின் பெயரையோ உடன் படித்தவன் பெயரையோ எழுதியிருந்தால் ‘சமம்’. மற்றதெல்லாம் ‘இல்லை’. விரிப்பின் பக்கம் யாரும் பேசக்கூடாது.

ஓமோரி பென்சிலோடு உட்கார்ந்திருந்தார். மற்றொரு கை பைக்குள் வாத்துகளைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

மாட்டு வைத்தியர் தோய் மூன்றாவது வாளுக்குத் தடாயசு என்று எழுதி வட்டம் வாங்கிக்கொண்டு, தாழ்வாரத்துக்குப் போய்ச் சத்தமில்லாமல் குதித்தார். இருபது வருட உறுப்பினர்; வட்டம் வாங்குவது இது மூன்றாம் தடவை.

அகாகி கடைசியாக வந்தார். முழங்காலிட்டதும் கைக்குட்டையை எடுத்து, மேல்வரிசையைக் கழற்றி அதில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். வாளுக்கு முன்னால் பல் டக்கென்று சத்தம் போடுவது அவருக்குப் பிடிக்காது. முதல் இரண்டு வாள்களைச் சீக்கிரம் முடித்தார். மூன்றாவதை எடுத்ததும் அசையாமல் இருந்தார். கண்புரைக்கு இரண்டு முறை அறுவை நடந்த கண்கள். அலகை விளக்கின் பக்கம் சாய்த்து, தூரத்து மேகம் போல ஓடும் கூரின் வெண்கோட்டை அடியிலிருந்து நுனிவரை, நுனியிலிருந்து அடிவரை, கூட்டத்துக்குள் ஆளைத் தேடுகிறவர் போலப் பார்த்தார். கீழே யாரோ இரண்டு சோபா கேட்டார்கள். அவர் வாளை வைத்து வணங்கினார். சீட்டில் எழுதி மடித்து நீட்டினார்.

ஓமோரி பிரித்தார். நடுக்கமான, ஆனால் இன்னும் அழகான எழுத்து: ஹிசமுனே.

சான்றுத்தாள் முழங்காலடியில் இருந்தது. அதன்படி இது குருவின் பெயர். எழுத வேண்டியது ‘சமம்’. நியாயமான பதில், யாருக்கும் வலிக்காத பதில். அகாகி சிரித்துக்கொண்டு ஹிரோஷிமா போவார், மாவட்டத்தின் கண் கடைசிவரை பழுதில்லாமல் இருக்கும். இருபத்தைந்து வருடக் காவலுக்கு இன்னும் ஒரு சொல் எழுதினால் போதும். ஓமோரி பென்சிலைத் தாளில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்து, மெதுவாக, தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும்படி ஒரு வட்டம் போட்டார்.

அகாகி அதை மூக்குவரை கொண்டுபோய்ப் பார்த்தார். மடித்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து மூடினார்.

வாள்களுக்குப் பிடியை மாட்டி உறைக்குள் அனுப்பிவிட்டு விடை சொன்னபோது, தோய்க்கு இருப்புக்கொள்ளவில்லை. “தடாயசு! நான் அடிச்சேன். அகாகி-சான், நீங்க என்ன வாங்கினீங்க?”

பல்லை மாட்டிக்கொண்டு அகாகி சொன்னார்: “எனக்கும் வட்டம்தான்.”

“அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே கண்ணு.”

“பசு மாட்டுக்கு ஊசி போடற கண்ணு வேற, தம்பி. போ, சோபா ஆறிடப் போகுது.”

சிரித்துக்கொண்டே எல்லோரும் படியிறங்கினார்கள். மாடியில் இருவர் மிஞ்சினார்கள். ஓமோரி எண்ணெய்த் துணிகளை மடிக்க ஆரம்பித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார்.

“எய்கிச்சி.”

“சொல்லுங்க.”

“அந்தப் புஸ்தகத்தை நீயே வச்சுக்கோ.”

துணி கையிலேயே நின்றது. “உறை பிரிக்காமல்ல இருந்துச்சு.”

“பிரிச்சேன். படிச்சேன். பசை போட்டு ஒட்டி மேசை மேல வச்சேன். எப்படிச் சொல்றதுன்னு யோசிக்கத்தான் உள்ள போய்த் தேநீர் போட்டேன். வெளிய வந்து பாத்தா நீ அதை இடுப்புல சொருகிட்டு ஓடறே.”

“சொல்லியிருக்கலாமே.”

“வருஷா வருஷம் கேட்டேன்ல, படிச்சு முடிச்சுட்டியான்னு? ‘முடிச்சுட்டேன்’னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் கால்ல விழுந்திருப்பேன். நீ பாக்கி இருக்கு, பாக்கி இருக்குன்னே.” அகாகி ஜன்னல் பக்கம் பார்த்தார். மலைச்சரிவில் பனிச்சைப் பழங்கள் சிவந்திருந்தன. “அன்னிக்கு ரயில்ல நான் பாடினேன்ல?”

“கண்றாவியாப் பாடினீங்க.”

“ஆமா.” ஜன்னலை விட்டுத் திரும்பி, “அதை ஒரு தடவை காட்டு. காம்போட” என்றார்.

ஓமோரி மூங்கில் முளையைத் தட்டிப் பிடியைக் கழற்றினார். உறையையும் எடுத்து ஒதுக்கி வைத்தார். அகாகி பல்லைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றினார். ஓமோரி ஒரு தாளை எடுத்து நான்காக மடித்து வாயில் கவ்விக்கொண்டார். இனி யாரும் பேச முடியாது.

காம்பு கறுப்பாக இருந்தது, பெயரை அழித்த இடத்தையும் மற்ற இடத்தையும் நாற்பது வருடத்துத் துரு ஒரே நிறமாக்கியிருந்தது. அகாகி அதை இடது உள்ளங்கையில் ஏந்தி, வலது கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். முளைத்துளைக்குக் கீழே தேடினார், விளிம்போரம் தேடினார், திரும்பவும் கீழே வந்தார். விரல் எங்கும் நிற்கவில்லை.

மாதம் தவறாமல் அந்த இடத்தைத் தொட்டுப் பழகிய ஓமோரி, கையை நீட்டி, கிழவரின் கட்டைவிரலைப் பிடித்து, அரை விரல்கடை மேலே நகர்த்தி வைத்தார்.